இரண்டாவது கேள்வி

உறவும் ஊரும் – 9

தென்மாவட்டங்களில் தீபாவளிக்கு ஊர்ப்பக்கம் வராதவர்கள்கூடப் பங்குனி உத்திரத்துக்கு வந்துவிடுவார்கள். தீபாவளியை இருக்கிற ஊரில் கொண்டாடிக்கொள்ளலாம். குலதெய்வமான சாஸ்தாவைக் கும்பிட, சாஸ்தா இருக்கிற இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். மும்பை, சென்னை, கோயம்புத்தூர் என்று பிழைக்கப் போனவர்கள் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் வருகிறார்கள். குளக்கரையிலும் வயக்காட்டு நடுவிலும் மேற்கூரைகூட இல்லாமல் இருக்கும் எத்தனையோ சாஸ்தாக்களுக்கும் அன்றைக்குக் கூட்டம் உண்டு. ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிற சொக்காரர்கள் (பங்காளிகள்) எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

போன வாரம் கல்யாண வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அங்கே யாருக்கும் நேரம் இல்லை. மொய் எழுதி, சாப்பிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சாஸ்தா கோயிலில் அதற்கு நேர்மாறு. பொங்கல் பொங்க வேண்டும், படையல் போட வேண்டும், சுடலைமாடனுக்கும் கருப்பசாமிக்கும் கிடா வெட்டுகிற குடும்பமென்றால் அது வெந்து இறங்கவும் வேண்டும். அதுவரைக்கும் மரத்தடியில் காத்திருப்பதுதான் வேலை. சொந்தக்காரர்களோடு அரை நாள் முழுசாகக் கிடைக்கிற இடம் இன்றைக்கு வேறு எங்கும் இல்லை. அந்த அரை நாள் எப்படிப் போகிறது என்பதுதான் என் கவலை.

"எப்ப வந்திய?" "எங்க வேலை?" "சம்பளம் எவ்வளவு?" "பிள்ளைக்கு எப்ப கல்யாணம்?" இவை வழக்கமான கேள்விகள். இவற்றுக்குப் பயந்தே வராமல் இருந்துவிடுகிற இளைஞர்களைப் பார்க்கிறேன். கேட்கிறவருக்கு வம்பு பேசுவதுதான் நோக்கம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உங்களைக் கைக்குழந்தையாகப் பார்த்த ஒரு பெரியம்மைக்கு உங்கள் இன்றைய வாழ்க்கையைப் பற்றி எதுவும் தெரியாது. நீங்கள் செய்யும் வேலையின் பெயரே அவருக்குப் புதிது. படிப்பு, வேலை, கல்யாணம் என்று தனக்குத் தெரிந்த வாசல்களில் வந்து நிற்கிறார். சிக்கல், பேச்சு அந்த வாசலோடு நின்றுவிடுவதில்தான் இருக்கிறது. "பெங்களூர்ல இருக்கேன் பெரியம்மை." "அப்படியா, நல்லாயிரு." அவ்வளவுதான், இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

ஒரு கேள்வியை மட்டும் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது. கல்யாணமாகிச் சில வருஷம் ஆன பெண்ணிடம் "விசேஷம் உண்டா?" என்பது. என்ன பிரியத்தோடு கேட்டாலும் அது காயப்படுத்துகிறது. அந்தக் கேள்விக்காகவே கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்ட பெண்கள் பல குடும்பங்களில் இருக்கிறார்கள்.

மற்றபடி, முதல் கேள்வி எதுவாக இருந்தாலும் பாதகமில்லை. சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு கேட்கிற இரண்டாவது கேள்விதான் சொந்தத்தை வளர்க்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கேரன் ஹுவாங், அலிசன் உட் புரூக்ஸ் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றியது. முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டு, பேச்சில் வந்த கேள்விகளை வகைபிரித்துப் பார்த்தார்கள். அதிகம் கேள்வி கேட்டவர்களை எதிரில் இருந்தவர்களுக்குப் பிடித்திருந்தது. அதிலும், சொன்ன பதிலைக் காதில் வாங்கி அதிலிருந்தே அடுத்ததைக் கேட்டவர்களைத்தான் மிகவும் பிடித்திருந்தது. அந்த ஆய்வு அந்நியர்களைப் பற்றியது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற சொக்காரர்களும் பாதி அந்நியர்கள்தானே.

மும்பையிலிருந்து வந்திருக்கிற பெரியப்பா ஒருவரை எடுத்துக்கொள்வோம். "நீங்க எப்ப பம்பாய்க்குப் போனிய?" என்று கேட்டால், "எழுவத்திரெண்டுல" என்பார். பெரும்பாலும் பேச்சு இங்கே முடிந்துவிடும். "போன உடனே யாரு ரூம்ல தங்குனிய?" என்று கேட்டுப் பாருங்கள். தாராவியில் ஊர்க்காரர்கள் சேர்ந்து வாடகை கொடுத்த அறை வரும். ராத்திரி வேலைக்குப் போனவரின் பாயில் பகல் வேலைக்காரர் படுத்துக்கொண்ட கதை வரும். ரயிலுக்குக் காசு கொடுத்தது யார், முதல் சம்பளத்தில் மணியார்டர் யாருக்குப் போயிற்று என்பதெல்லாம் வரும். கொஞ்ச நேரத்தில், அந்த அறையில் இடம் கொடுத்தவர் உங்கள் தாத்தாவுக்குத் தம்பி முறை என்று தெரியவந்தாலும் ஆச்சரியமில்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. "ஏன் போனிய?" என்று கேட்டால் மனிதர்கள் உஷாராகிவிடுகிறார்கள். ஏன் என்ற கேள்விக்கு நியாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குள் கடன் இருக்கலாம், அண்ணன் தம்பிச் சண்டை இருக்கலாம். யாரு, எங்க, எப்படி, அன்னைக்கு என்ன சாப்பிட்டிய என்று கேட்டால் நினைவு தானாக நடந்து வரும். ஏன் என்பதற்கான பதிலை, சொல்லத் தோன்றினால் அவர்களே சொல்வார்கள்.

அடுத்தது, எங்கே உட்கார்ந்து கேட்பது என்பது. பிளாஸ்டிக் நாற்காலியை எதிரெதிராகப் போட்டு உட்கார்ந்தால் பேச்சு நேர்முகத் தேர்வாகிவிடுகிறது. உள்ளி உரிக்கிற இடத்துக்குப் போங்கள். தரையில் சாக்கை விரித்து நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணும் கையும் உள்ளியில் இருக்கும்போது, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைக்கூடச் சொல்ல முடிகிறது; இடையில் மௌனம் வந்தாலும் உறுத்துவதில்லை. ஆண்களுக்கும் இது பொருந்தும். வருஷக்கணக்காகத் தலையசைப்போடு நிறுத்திக்கொள்ளும் சித்தப்பா, அடுப்புக்குக் கல் கூட்டும்போதும் விறகு பிளக்கும்போதும் பேசுவார். ஒரு முனையை அவரும் மறுமுனையை நீங்களுமாகப் பொங்கல் அண்டாவைத் தூக்கிப் பாருங்கள். சமையல் ஆளை வைத்து எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிற வழக்கம் சில குடும்பங்களில் வந்துவிட்டது. வயதானவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனாலும் உள்ளியையும் காய்கறியையுமாவது அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

குடும்பத்தைத் தெரிந்துகொள்ள யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டால், நான் மைனிமாரைத்தான் காட்டுவேன். பிறந்தவர்களைவிட, கல்யாணமாகி வந்தவர்களுக்கே குடும்பம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. சாஸ்தா, ஆண் வழியில் வருகிற தெய்வம். பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதும் புருஷன் வீட்டுச் சாஸ்தா அவளுக்குச் சாஸ்தாவாகிவிடுகிறார். யாரையும் தெரியாத கூட்டத்தில் புதுச்சேலையோடு வந்து நின்றவள், யார் யாருக்கு என்ன முறை, யார் யாரோடு பேசமாட்டார், எந்த மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, எந்தச் சித்திக்குக் காது கேட்காது என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டவள். நமக்குத் தானாகக் கிடைத்ததை அவள் கவனத்தால் சம்பாதித்தாள். அவளிடம் போய் இந்தக் குடும்பத்துக் கதையைக் கேளுங்கள், சொல்வாள். அதோடு நிறுத்தாமல், "உங்க பிறந்த வீட்டுச் சாஸ்தா எங்க இருக்கு மைனி? அங்க உத்திரம் எப்படி இருக்கும்?" என்றும் கேளுங்கள். இத்தனை வருஷத்தில் அவளிடம் அதை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தக் கதைகளால் பிள்ளைகளுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிற பெற்றோர் உண்டு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிள்ளைகளுக்காக 20 கேள்விகள் தயாரித்தார்கள். தாத்தா பாட்டி வளர்ந்த ஊர் தெரியுமா, அப்பாவும் அம்மாவும் முதலில் சந்தித்த இடம் தெரியுமா, நீ பிறந்த கதை தெரியுமா, குடும்பத்துக்கு நேர்ந்த ஒரு பெரிய கஷ்டம் தெரியுமா என்கிற மாதிரிக் கேள்விகள். 2001இல் சில டஜன் குடும்பங்களிடம் கேட்டுப் பார்த்ததில், அதிகம் தெரிந்துவைத்திருந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. அதற்காகப் பதில்களை மனப்பாடம் செய்ய வைத்துப் பயனில்லை என்று டியூக்கே சொல்லியிருக்கிறார். அந்தக் கதைகள் காதில் விழும்படி குடும்பம் கூடி உட்கார்ந்ததில்தான் விஷயம் இருக்கிறது. பெருமையை மட்டுமே சொல்கிற கதைகளைவிட, எழுந்ததும் விழுந்ததும் சேர்ந்து வருகிற கதைகளே பிள்ளைகளுக்குப் பலம் என்பதும் அவர்கள் கண்டது. கடை நொடித்த கதையையும் பரீட்சையில் தோற்ற கதையையும் பிள்ளைகள் முன்னால் மறைக்க வேண்டாம்.

பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பங்குனி, பரீட்சைக் காலம். பிளஸ் டூ எழுதுகிற பையனிடம் மார்க்கைப் பற்றிப் பேச வேண்டாம். அவனுக்குத் தெரிந்த எதையாவது உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். ஆச்சி பேசுவதைப் போனில் பதிவுசெய்கிற வேலையை அவனிடம் விடுங்கள். கதையும் அவன் காதில் விழும்.

சாயங்காலம் வேன் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு காரியம் இருக்கிறது. கோயிலில் வரி நோட்டு இருக்கும். எந்தெந்தத் தலைக்கட்டு எவ்வளவு வரி கொடுத்தது என்று எழுதியிருப்பார்கள். அநேகமாக அதில் ஆண்களின் பெயர் மட்டும்தான். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் நேரே வீட்டுப் பெண்களின் பெயர், அவர்கள் பிறந்த ஊர், போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதச் சொல்லி வரி பிரிக்கிறவரிடம் கேளுங்கள். ஒரு மணி நேர வேலை. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே எழுதியும் கொடுக்கலாம்.

அந்த நம்பரில் ஆனியிலோ ஆடியிலோ, எந்த விசேஷமும் இல்லாத ஒரு நாளில் கூப்பிடுங்கள். நல்லது கெட்டதுக்கு மட்டும் போன் வந்து பழகிய வீட்டில் முதலில் பதறத்தான் செய்வார்கள். "ஒண்ணுமில்ல பெரியப்பா, அன்னைக்குத் தாராவி ரூம் கதையப் பாதியில விட்டுட்டுப் போயிட்டிய, அதான் கேக்கலாம்னு" என்று சொன்னால் போதும்.

பாகப்பிரிவினை வழக்கில் எதிரெதிராக நிற்கிற அண்ணன் தம்பிகள் ஒரே சாஸ்தா முன்னால் பொங்கலிட வரும்போது, இருவருக்கும் நடுவில் இருக்கிற நாம் யாரிடம் எதைப் பேசுவது என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறீர்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம். அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)