தெருக்கூத்து டிவிடிகளைக் கோப்பாக மாற்றுதலில் காட்சி வடிப்பான் தேர்வு

ஆய்வுச்சுருக்கம்

தெருக்கூத்தைப் பதிந்த டிவிடி வட்டுகள் நிகழ்த்துகலை ஆய்வுக்கு முதன்மைச் சான்றுகளாகும். அவற்றைக் கணினிக் கோப்பாக மாற்றுகையில் தேர்ந்தெடுக்கும் வடிப்பான்கள் சான்றின் தன்மையையே மாற்றக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தெருக்கூத்து, டிவிடி, வடிப்பான், இடைப்பின்னல், ஆவணமாக்கம்

முன்னுரை

வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவையொட்டிப் பாரதக் கூத்து நிகழ்த்துவது நெடுநாள் மரபு. கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்கள் அமைந்த திருவள்ளூர் மாவட்டமும் இம்மரபு வழங்கும் பரப்பில் அடங்கும். இத்தகைய நிகழ்வுகளின் ஒளிப்பதிவுகள் ஒரு காலத்தில் டிவிடிகளாகவே கைமாறின. பதிவு செய்யப்பட்ட வட்டின் சாயப்படலம் வெப்பத்தாலும் ஒளியாலும் சிதையும். ஆதலின் அவற்றைக் கோப்பாக மாற்றுதல் காலத்தின் தேவையாகும்.

இடைப்பின்னல்

இந்தியத் தொலைக்காட்சி பின்பற்றிய பால் முறையில் டிவிடிப் படம் 720×576 புள்ளிகளும் நொடிக்கு 25 சட்டங்களும் கொண்டது. ஒளிப்பதிவுக் கருவி ஒவ்வொரு சட்டத்தின் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் இரு வேறு கணங்களில் பதிகிறது. இதுவே இடைப்பின்னல் எனப்படும். கணினித் திரையில் இரண்டும் ஒருங்கே தோன்றுவதால், கூத்தர் சுழன்றாடும்போது உருவின் விளிம்பு சீப்புப் பற்களைப் போலப் பிளவுபடுகிறது.

இதனைக் களைய யாடிஃப், பிடபிள்யூடிஃப் முதலிய வடிப்பான்கள் உள்ளன. இவற்றில் நொடிக்கு 25 சட்டம் தரும் அமைப்பைக் கொண்டால் பதிவான 50 அசைவுக் கணங்களுள் பாதி மறையும். அடவையும் காலடி விரைவையும் ஆராய்வோர்க்கு 50 சட்டம் தரும் அமைப்பே ஏற்றது. மாறாக, 352×288 புள்ளிகள் கொண்ட விசிடியில் இடைப்பின்னல் இல்லை. ஆண்டு இவ்வடிப்பானைப் பயன்படுத்தினால் நுண்விவரமே குன்றும்.

இரைச்சல் நீக்கம்

இரவு நிகழ்வைக் குறைந்த ஒளியில் பதிந்தமையால் படத்தில் புள்ளியிரைச்சல் மிகும். இரைச்சல் நீக்கியை வலுவாக அமைத்தால் இரைச்சலோடு முகவொப்பனையின் மெல்லிய கோடுகளும் மழுங்கும். அடுத்தடுத்த சட்டங்களைக் கலக்கும் நீக்கி, விரைந்தசையும் கைக்குப் பின்னே நிழற்சுவட்டை விடும். கூர்மையாக்கி விளிம்புகளில் இல்லாத வெண்கோட்டை உண்டாக்கும். பிற்கால ஆய்வாளர் இவற்றை ஒப்பனையின் இயல்பெனப் பிழைபடக் கொள்ள இடமுண்டு.

முடிவுரை

வட்டின் தரவை மறுகுறியாக்கம் செய்யாது அவ்வாறே படியெடுத்துக் காத்தல் முதற்கடமை. பார்வைப் படிக்கு மட்டுமே வடிப்பான் இடுதல் வேண்டும். முழுப் பதிவையும் மாற்றுமுன், அசைவு மிக்க ஒரு பகுதியையும் ஒப்பனை தெளிவாகத் தெரியும் ஒரு பகுதியையும் சோதித்து, கைக்கொண்ட அமைப்பைக் கோப்போடு குறித்து வைத்தலும் இன்றியமையாதது. மூலப்படி இருப்பின் தவறான தேர்வைத் திருத்தலாம். இன்றேல் அத்தேர்வே வரலாறாகிவிடும்.