முளைக் கேழ்வரகை அரைக்க எவ்வியந்திரம் ஏற்றது?

சங்கப் பணத்தில் மாவரைக்கும் இயந்திரம் வாங்குவதானால் எதை வாங்குவது என்று அங்கத்தினர் பலர் வினவுகின்றனர். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் விடியுமுன் எழுந்து காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் தாய்மாருக்கு, முளைகட்டிய கேழ்வரகு மாவு பேருதவியாகும். அதனை நம் அங்கத்தினர் விளைத்த கேழ்வரகிலிருந்தே சங்கம் தயாரிக்கலாம். ஆயின், இயந்திரத்தைத் தேர்வதில் தவறினால் பங்குத்தொகை முடங்கும்; மாவும் கெடும்.

முதற்கண் தானியத்தின் இயல்பை அறிதல் வேண்டும். கேழ்வரகு முளைக்கையில் அதனுள் தோன்றும் நொதிப்பொருள் மாச்சத்தை இளக்குகிறது. ஆதலால் மாவைக் கூட்டிப் போட்டாலும் கஞ்சி கெட்டியாகாது. குழந்தையின் சிறு வயிற்றுக்குள் அதிக ஆகாரம் செல்லும். கடுஞ்சூடு பட்டால் இந்நொதி அழிந்துவிடும். வறுப்பதிலும் அரைப்பதிலும் நாம் கவனிக்க வேண்டியது இதுவே.

மேனாட்டார் வாற்கோதுமையை இவ்வாறே முளைகட்டி, பீர் காய்ச்சுவதற்காக இரட்டை உருளை இயந்திரத்தில் உடைக்கின்றனர். உமி சிதையாதிருந்தால் அதுவே வடிகட்டியாகப் பயன்படும் என்பதால், உருளைகளுக்கிடையே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி விடுவர். ‘மால்ட் அரவை’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் இதுவே. நம் மாநிலத்தில் உரிமமின்றி மது காய்ச்சுவது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அன்றியும், இவ்வியந்திரத்தில் கேழ்வரகின் சிறுமணிகள் நழுவிவிடும். எஞ்சியவை நசுங்குமேயன்றி மாவாகா. பெயரைக் கண்டு மயங்கலாகாது.

நமக்குரியவை மூன்று வகை. முதலாவது, கல் அரவை. மெதுவாகச் சுழன்றால் மாவு அதிகம் சூடாகாது. ஆனால் கல்லை அவ்வப்போது கொத்த வேண்டும். கொத்திய பின் முதலில் அரைத்த மாவை உண்ணலாகாது. இரண்டாவது, இரும்புத் தட்டு அரவை. விலை குறைவு, எனினும் தட்டுகளை நெருக்கி வைத்தால் சூடேறும், தேய்ந்தால் இரும்புத் தூள் கலக்கும். மூன்றாவது, ‘பல்வரைசர்’ எனப்படும் சுத்தியல் அரவை. இதிலுள்ள சல்லடைத் தகட்டின் துளையே மாவின் நயத்தை நிர்ணயிக்கும். நன்கு காய்ந்த முளைத் தானியம் எளிதில் நொறுங்குவதால், விற்பனைக்கு அரைக்கும் சங்கத்திற்கு இதுவே பொருத்தம். கல்லும் ஆணியும் உட்புகாதபடி தானியத்தைப் புடைத்து, வாயில் காந்தம் பொருத்துதல் அவசியம்.

நான் பார்வையிட்ட சங்கம் ஒன்றில், தள்ளுபடி விலைக்கு மயங்கிப் பெரிய இயந்திரம் வாங்கினர். அது மும்முனை மின்சாரத்தில் ஓடுவது. கட்டடத்திலோ ஒருமுனை இணைப்பே இருந்தது. பல மாதங்கள் அது சாக்கு போர்த்தியபடியே கிடந்தது. வட்டி மட்டும் தவறாமல் ஏறிற்று.

எனவே, வாங்குமுன் நம் தானியத்தில் ஐந்து கிலோவை விற்பவரிடம் கொண்டுசென்று அரைக்கச் சொல்லுங்கள். மாவு கைபொறுக்கும் சூட்டில் உள்ளதா, சலித்தபின் எவ்வளவு எஞ்சுகிறது எனப் பாருங்கள். தவிட்டை முற்றும் நீக்க வேண்டா. கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கு மேல்தோலில் உள்ளது. பெண்கள் வேலை செய்யுமிடத்தில் இயந்திரப் பட்டைக்கு மூடி இன்றியமையாதது; சேலைத் தலைப்பு சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அவ்வியந்திரத்தில் மிளகாய் அரைக்கலாகாது.

ஊறவைக்கும் நீரும் முக்கியம். தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் பகுதி நிலத்தடி நீர் கெட்டதை 1996ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துரைத்தது. கிணற்று நீரைச் சோதித்தே உபயோகிக்க வேண்டும். முளைத்த தானியத்தை, கடித்தால் நறுக்கென்று உடையும்வரை உலர்த்துக. ஈரமிருந்தால் எவ்வியந்திரமும் அடைத்துக்கொள்ளும்.

மூன்று விலைப்புள்ளிகளையும், அரைத்த மாவையும் பேரவையின் முன் வைத்து முடிவு செய்யுங்கள். குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன், அதில் அரைத்த மாவைக் கஞ்சி காய்ச்சிப் பார்த்த தாயின் கருத்தைக் கேளுங்கள்.