மைனர் எடுக்கலாமா?

"சார், நானும் மைனர் எடுக்கலாமா?"

இயந்திரப் பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டார். முதலாண்டில் என்னிடம் இயற்பியல் படித்தவர். இரண்டு பாடங்களில் அரியர் இருந்தது. காரணம் கேட்டேன். "எல்லாரும் எடுக்குறாங்க, சார்" என்றார்.

மைனர் என்பது யாது? முதன்மைப் பாடத்தோடு வேறொரு துறையிலும் சில பாடங்களை ஒழுங்கான வரிசையில் படித்துத் தேறுவதே மைனர். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிய பாடங்கள் மைனர் ஆகா.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்கள் கணிதத்தையும் வேதியியலையும் துணைப் பாடங்களாக நெடுங்காலமாகப் படித்து வருகிறார்கள். அவை பட்டத்துக்குள் அடங்கியவை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட திட்டத்திலும், மூன்றாண்டுப் பட்டத்துக்குரிய 120 கிரெடிட்டுகளுக்குள்ளேயே 24 மைனருக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. பொறியியலில் நிலைமை வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பட்டத்துக்கு வேண்டியவற்றுக்கு மேல் 18 கிரெடிட் பெற்றாக வேண்டும்.

அந்த 18 எவ்வளவு பெரியது? ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட். பருவத்துக்கு 15 வாரங்கள் எனக் கொண்டால், 18 கிரெடிட்டுக்கு 270 மணி நேரம். நான்கு பருவங்களில் பகிர்ந்தால் வாரத்துக்கு நாலரை மணி. வகுப்பில் கேட்டதை வீட்டில் அதே அளவு நேரமாவது படிக்க வேண்டாமா? ஆக, வாரத்துக்கு 9 மணி! ஆய்வக வகுப்பு இருந்தால் இன்னும் கூடும். இந்த நேரம் எங்கிருந்து வரும் என்பதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு உழைப்புக்குப் பயன் உண்டா? உண்டு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு உயிரியலில் நாட்டம் கொண்டு, மீண்டும் மாணவராகச் சேர்ந்து அதைப் படித்தார். உயிரணுவில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பை எக்ஸ் கதிர்களின் துணையால் ஆராய்ந்து, 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் படித்தது மைனர் அன்று. ஆனால் ஒரு துறையின் கருவி இன்னொரு துறையின் கேள்வியைத் தீர்க்கும் என்பதற்கு அவர் நல்ல சான்று.

இரண்டு வில்லைகளைக் கையில் வைத்திருந்தால் மட்டும் தொலைநோக்கி ஆகிவிடாது. அவை ஒரே அச்சில், உரிய தூரத்தில் அமைய வேண்டும். மைனரும் அப்படித்தான். மோட்டாரின் அதிர்வை அளக்கும் இயந்திரப் பொறியாளருக்கு, அந்த அளவுகளை ஆராயக் கணிப்பொறி அறிவு கைகொடுக்கும். சான்றிதழில் ஒரு வரி கூடட்டும் என்று மட்டும் எடுத்தால், முதன்மைப் பாடமும் மங்கிப்போகும்.

ஆகவே மூன்று கேள்விகள். இந்த இரண்டாம் துறை என் முதன்மைப் பாடத்தின் எந்தக் கேள்விக்கு உதவும்? வாரம் 9 மணி நேரம் என்னிடம் உண்டா? பழைய பாக்கி ஏதேனும் இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியில் நம் மாணவர் தலைகுனிந்தார். "முதலில் அரியரை முடி, தம்பி" என்றேன். முடித்தார். மைனர் எடுக்கவில்லை. நிரலாக்கப் பாடம் ஒன்றை மட்டும் விருப்பப் பாடமாக எடுத்து, ஆர்வத்தோடு படித்துத் தேறினார். அவருக்கு அந்த அளவே பொருத்தம். உங்கள் அளவை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.