சம்பளநாட் கடனும் வங்கிக் கணக்கின் காவலும்

கடன் என்பது உலகில் இன்று தோன்றியதொன்றன்று. விதைப்புக் காலத்திற் கடன்பெற்று அறுவடையில் அடைப்பது உழவர்க்கு இயல்பு. சரக்கை முன் வாங்கி, விற்றபின் விலை கொடுப்பது வணிகர்க்கு இயல்பு. இவ்விரண்டிலும் கடனாகப் பெற்ற பொருள் மேலும் பொருளை ஈட்டித் தருகின்றது. அவ்வீட்டத்திலிருந்தே முதலும் வட்டியும் இறுக்கப்படுகின்றன. ஆனால், உண்டு தீர்ந்த உணவிற்கும் கட்டித் தீர்த்த வாடகைக்குமாக வாங்கிய கடன் எதனையும் ஈட்டித் தருவதில்லை. அதனை இறுப்பதற்கு அடுத்த சம்பளமன்றி வேறு வழியில்லை. இவ்வகைக் கடன்களுட் கொடியதொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பெருகிய சம்பளநாட் கடன். அதன் இயல்பையும், அதிற் சிக்கியோர் தம் வங்கிக் கணக்கைக் காத்துக்கொள்ளும் வழிகளையும் ஈண்டு ஆராய்வாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்க நகரங்களிற் ‘சம்பளம் வாங்குவோர்’ என்னும் ஒரு கூட்டத்தார் இருந்தனர். தொழிலாளியின் வரவிருக்கும் சம்பளத்தை அவர்கள் குறைந்த விலைக்கு வாங்குவதாகக் கூறினர். விற்பனை என்று பெயரிட்டால் வட்டிச் சட்டம் தம்மைத் தீண்டாதென்பது அவர்தம் எண்ணம். 1907 இல் நிறுவப்பெற்ற இரசல் சேச் நிலையம் இக்கொடுமையை ஆராய்ந்தது. அதன் முயற்சியால் 1916 இல் சிறுகடன்களுக்கான மாதிரிச் சட்டமொன்று வரையப்பட்டது. 300 டொலர் வரையான கடனுக்கு மாதம் நூற்றுக்கு மூன்றரை வரை வட்டி பெறலாம் என அது விதித்தது. அவ்வழி ஓரளவு அடங்கிய தொழில் 1990 களிற் காசோலையைத் துணைக்கொண்டு புதுவடிவில் மீண்டும் தலைதூக்கிற்று.

அதன் நடைமுறை எளிது. கடன் பெறுவோனிடம் நகையோ காணியுறுதியோ கேட்கப்படுவதில்லை. சம்பளமும் வங்கிக் கணக்கும் உடையவனாயின் அதுவே போதும். அடுத்த சம்பளநாளைத் திகதியாக இட்ட காசோலையொன்றை அவன் எழுதிக் கொடுக்கின்றான். அல்லது, கடன் கொடுப்போர் தன் கணக்கிலிருந்து மின்முறையாற் பணம் எடுத்துக்கொள்ள அதிகாரம் வழங்குகின்றான். எனவே ஈடாக வைக்கப்படுவது பொன்னன்று. அவன் கணக்கின் திறவுகோலே ஈடாக வைக்கப்படுகின்றது.

இனி வட்டிக் கணக்கைக் காண்போம். 100 டொலருக்கு இரு கிழமைக்குக் கட்டணம் 15 டொலர் என்பது பெருவழக்கு. நூற்றுக்குப் பதினைந்துதானே எனக் கேட்போர் எண்ணலாம். ஆனால் ஓராண்டில் இரு கிழமைத் தவணைகள் 26 உள. ஆகவே ஆண்டு வீதம் நூற்றுக்கு 390 ஆகின்றது. ஒருவன் 300 டொலர் பெற்றான் எனக் கொள்வோம். சம்பளநாளில் 345 டொலரை ஒருசேர இறுத்தால் அம்மாதச் செலவிற்குப் பணம் இராது. ஆதலாற் கட்டணமாகிய 45 டொலரை மட்டும் கட்டிக் கடனைப் புதுப்பிக்கின்றான். இங்ஙனம் எட்டுமுறை செய்தால், பதினாறு கிழமையில் 360 டொலர் கொடுத்திருப்பான். ஆயினும் முதலாகிய 300 டொலர் ஒரு சதமும் குறையாது நிற்கும். இது கற்பனைக் கணக்கு மட்டுமன்று. இத்தகைய கடன்களுள் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை பதினான்கு நாளுக்குள் புதுப்பிக்கப்பட்டன, அல்லது அவற்றைத் தொடர்ந்து மற்றொரு கடன் பெறப்பட்டது என, அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அலுவலகம் 2014 இற் கண்டது.

கடனிலும் பெருந்துன்பம் கணக்கிற்கு நேரும் துன்பமாகும். சம்பளம் வந்து சேர்ந்ததும், வாடகைக்கும் உணவிற்கும் முன்னர்க் கடன் கொடுத்தோரே கைவைக்கின்றனர். கணக்கிற் போதிய பணம் இல்லையெனின் வங்கி அக்கோரிக்கையைத் திருப்பி அனுப்பித் தண்டம் விதிக்கலாம். அன்றி மேற்பற்றாகப் பணத்தைக் கொடுத்து அதற்கும் கட்டணம் அறவிடலாம். கடன் கொடுத்தோர் மீண்டும் மீண்டும் முயல்வாராயின் தண்டமும் மீண்டும் மீண்டும் ஏறும். இணையவழிக் கடன் பெற்றோருட் பாதிப்பேர் இவ்வாறு வங்கித் தண்டத்திற்கு உள்ளாயினர் என்றும், அவர்கட்கு நேர்ந்த தண்டம் சராசரி 185 டொலர் என்றும் அவ்வலுவலகம் 2016 இல் வெளியிட்டது.

இந்நிலையிற் செய்யத்தக்கன யாவை? முதலாவது, வழங்கிய அதிகாரத்தை மீட்டல். இனி என் கணக்கிலிருந்து பணம் எடுத்தலாகாது எனக் கடன் கொடுத்தோர்க்கு எழுதி, அதன் படியை வங்கிக்கும் அனுப்புதல் வேண்டும். இரண்டாவது, வங்கிக்கு நிறுத்தற் கட்டளை கொடுத்தல். 1978 ஆம் ஆண்டின் மின்முறைப் பணமாற்றுச் சட்டத்தின்படி, முன்னமே ஒழுங்குசெய்த தவணை எடுப்பைக் குறித்த நாளுக்கு மூன்று வேலைநாள் முன்னதாக அறிவித்து நிறுத்துவிக்கும் உரிமை வாடிக்கையாளனுக்கு உண்டு. வாய்மொழியாலும் அறிவிக்கலாம், ஆயினும் பதினான்கு நாளுள் எழுத்திலும் தருமாறு வங்கி கேட்கலாமாதலின் எழுதிக் கொடுப்பதே தக்கது. மூன்றாவது, கணக்குக்கூற்றை வரிவரியாக நோக்குதல். தன் அனுமதியின்றி எடுக்கப்பட்ட தொகையைக் கூற்று அனுப்பப்பட்ட 60 நாளுள் அறிவியாதவன், பின்னர் நேரும் இழப்பைத் தானே சுமக்க நேரிடும். நான்காவது, இவையாவும் பயன்படாவிடின் வேறொரு வங்கியிற் கணக்குத் திறந்து, சம்பளத்தை ஆங்கு மாற்றுதல். பழைய கணக்கை அப்படியே கைவிடாது முறைப்படி மூடுவித்தலே நன்று. இன்றேல் அதில் தண்டம் வளரும்.

ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. கணக்கைக் காத்தல் வேறு. கடனைத் தீர்த்தல் வேறு. அதிகாரத்தை மீட்டதனாற் கடன் அழிந்துவிடாது. ஆகவே, தவணை முறையில் இறுப்பதற்கு ஒழுங்குசெய்யுமாறு எழுத்திற் கேட்டல் வேண்டும். மேலதிகக் கட்டணமின்றி அவ்வாறு தவணை வழங்குதல் பல மாநிலங்களிற் சட்டத்தால் விதிக்கப்பட்டுள்ளது. சிறை செல்ல நேரும் என அச்சுறுத்துவாராயின் அஞ்சவேண்டுவதில்லை. கடனை இறுக்க இயலாமை குற்றமன்று. ஆனால் நீதிமன்ற அழைப்பாணை வருமாயின் அதனைப் புறக்கணித்தல் பெருந்தவறு. முன்னிலையாகாதவனுக்கு எதிராகத் தீர்ப்பளிக்கப்படும். அத்தீர்ப்பைக் கொண்டு சம்பளத்தையும் கணக்கையும் பற்றலாம்.

மாற்றுக் கடனுக்கும் வழியுண்டு. அந்நாட்டுக் கூட்டாட்சிக் கடன் சங்கங்கள் 2010 முதல் தம் உறுப்பினர்க்குச் சிறுகடன் வழங்குகின்றன. அதன் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 28 க்கு மேற்படாது. விண்ணப்பக் கட்டணம் 20 டொலருக்கு மேற்படாது. படைவீரர்க்கு வழங்கும் கடனுக்கு நூற்றுக்கு 36 என 2006 ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையிட்டது. நியூயோர்க் முதலிய சில மாநிலங்கள் சம்பளநாட் கடனையே இடங்கொடாது விலக்கியுள்ளன.

பிரித்தானியா வேறொரு நெறியைக் கைக்கொண்டது. இரு முறை முயன்று பணம் பெறமுடியாதுபோயின் அதன்மேற் கணக்கை நாடலாகாதென 2014 இல் விதித்தது. 2015 சனவரி 2 முதல், வட்டியும் கட்டணமும் நாளொன்றுக்கு நூற்றுக்கு 0.8 க்கு மேற்படலாகாது. தவணை தவறியதற்கான கட்டணம் 15 பவுணை விஞ்சலாகாது. யாவுஞ் சேர்ந்து கடன் பெற்ற தொகையைக் கடத்தலாகாது என எல்லை வகுத்தது. அத்தொழிலிற் பெயர்பெற்ற வொங்கா நிறுவனம் 2018 இல் வீழ்ந்தது. அமெரிக்காவிலும் இரு முயற்சிக்கு மேற்படலாகாதென 2017 இல் விதி வகுக்கப்பட்டது. அது 2025 மார்ச் 30 இல் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில், அதனைச் செயற்படுத்துவதற்கு முதன்மை அளிக்கப்போவதில்லையென உரிய அலுவலகமே அறிவித்தது.

வட்டி முதலை விஞ்சலாகாதென்னும் நெறி நமக்குப் புதியதன்று. ஒருங்கே பெறும் வட்டி முதலின் அளவைக் கடத்தலாகாதெனத் தருமசாத்திர நூலார் பண்டே விதித்தனர். ‘தாம்துபட்’ என்னும் பெயரால் அது பம்பாய் முதலிய இடத்து நீதிமன்றங்களிலும் ஏற்கப்பட்டது. இலங்கையின் பொதுச்சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்திலும் அந்நெறி காணப்படுகின்றது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னர்க் கண்ட எல்லையை இலண்டன் 2015 இல் மீண்டும் கண்டது என்னலாம்.

எனினும், சட்டம் தளருங் காலமும் உண்டென்பதை மேற்காட்டிய வரலாறு உணர்த்துகின்றது. ஆகவே, கையொப்பம் இடுமுன் ஆண்டு வீதத்தைக் கணக்கிட்டறிதலும், தன் கணக்கின் திறவுகோலைப் பிறர் கையிற் கொடாதிருத்தலும் ஒவ்வொருவரும் கைக்கொள்ளவேண்டிய காவல்களாம். பள்ளியிற் கற்ற வட்டிக் கணக்கு பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. வாழ்விற்கும் உரியதென்பதை மாணவர் மனங்கொள்வாராக.