கேன் தண்ணியில் தென்னை வளருமா?

எங்க ஆம்பூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு 20 லிட்டர் கேன். லேபிளில் அருவி கொட்டும். உள்ளே பெரும்பாலும் ஆர்.ஓ.வில் வடிகட்டின போர்த் தண்ணிதான். ஒதுக்கித் தள்ளிய உப்புத் தண்ணி மறுபடி மண்ணுக்கே போகிறது.

தோல் தொழிற்சாலைக் கழிவு கிணறுகளைக் கெடுத்ததால் வளர்ந்த வியாபாரம் இது. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுசோ பாழானதை 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பில் பதிவு செய்தது. குடிக்கிறவர் கேன் வாங்கித் தப்பிக்கலாம்; தென்னை? ஏக்கருக்கு ஓர் அங்குலம் தண்ணி கட்டவே 5,000 கேனுக்கு மேல் வேண்டும். (வங்கிப் புத்தி, கணக்குப் போடாமல் இருக்காது.)

பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கணும் என்று 2025 ஜனவரி 30-ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்க கிணத்துத் தண்ணியை வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் கொடுத்து, உப்பு அளவை எழுத்தில் வாங்கி வையுங்க.