மேட்ச் ஃபீஸ் சமம்... வருஷ வருமானம் சமமா?



சிடிசியைப் பிரிச்சுப் பார்க்கணும்னு நம்ம வீடியோக்கள்ல அடிக்கடி சொல்வேன். அதே கணக்கை இன்னைக்கு இந்திய கிரிக்கெட் அணிக்குப் போட்டுப் பார்ப்போம்.

2022 அக்டோபரில் பிசிசிஐ ஒரு நல்ல முடிவை அறிவித்தது. ஆண்கள் அணிக்கும் மகளிர் அணிக்கும் இனி ஒரே மேட்ச் ஃபீஸ். டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். அதுவரை பெண்களுக்கு ஒருநாள், டி20 எதுவானாலும் 1 லட்சம்தான். பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை.

ஆனா, இங்கே சமமானது ரேட். வருமானம் சமமாச்சா? அதுக்கு மூணு பகுதியா பிரிக்கணும்.

1. ஆண்டு ஒப்பந்தத் தொகை

இது நம்ம ஃபிக்ஸட் சம்பளம் மாதிரி. அந்த அறிவிப்பு வந்த நேரத்தில் 'ஏ' கிரேடு ஆண் வீரருக்கு வருஷத்துக்கு 5 கோடி. 'ஏ' கிரேடு வீராங்கனைக்கு 50 லட்சம். வித்தியாசம் 4.5 கோடி. இதை மேட்ச் ஃபீஸ்ல ஈடுகட்டணும்னா, அவரை விட இவங்க 75 ஒருநாள் போட்டி கூடுதலா ஆடணும். ஒரே வருஷத்துல!

2. மேட்ச் ஃபீஸ்

ரேட்டை எத்தனை மேட்ச்சால பெருக்குறோம் என்பதுதான் விஷயம். மிதாலி ராஜ் 1999-லிருந்து 2022 வரை இந்தியாவுக்காக ஆடினாங்க. மொத்தம் ஆடிய டெஸ்ட் வெறும் 12. சச்சின் ஆடியது 200. டெஸ்ட்டே நடக்கலைன்னா 15 லட்சம் ரேட் பேப்பர்லதான் இருக்கும்.

3. பரிசுப் பணம்

இங்கே நிலைமை நிஜமாவே மாறியிருக்கு. ஐசிசி 2023-ல் ஆண், பெண் இரு தரப்புக்கும் சமப் பரிசுன்னு அறிவிச்சது. நம்ம பெண்கள் ஜெயிச்ச 2025 உலகக் கோப்பையின் மொத்தப் பரிசு 1.388 கோடி டாலர். 2023 ஆண்கள் உலகக் கோப்பையில் அது 1 கோடி டாலர்.

"ஆண்கள் மேட்ச்தானே காசு கொண்டு வருது?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா 2023-ல் மகளிர் பிரீமியர் லீக் ஆரம்பிச்சப்போ, ஐந்து அணிகள் சுமார் 4,670 கோடிக்கு ஏலம் போச்சு. ஒளிபரப்பு உரிமை ஐந்து வருஷத்துக்கு 951 கோடி. மேட்ச் நடத்தினாதானே மார்க்கெட் இருக்கா இல்லையான்னு தெரியும்?

அமெரிக்கக் கால்பந்தில் வேற வழி பிடிச்சாங்க. 2022 ஒப்பந்தப்படி மேட்ச் பணம் சமம். அதோட, இரு அணிகளும் உலகக் கோப்பையில் வாங்கும் பரிசையும் ஒண்ணாச் சேர்த்துப் பிரிச்சுக்கிறாங்க. அதாவது ரேட்டோட நிறுத்தாம, கைக்கு வர்ற தொகை வரைக்கும் போனாங்க.

இப்போ உங்க ஆபீசுக்கு வருவோம். ஒரு நிறுவனத்தின் சம்பளக் கணக்கைப் பார்த்தப்போ, ஒரே கிரேடு, ஒரே பேசிக்ல இருந்த ரெண்டு பேரோட வருஷ மொத்தத்தில் நல்ல வித்தியாசம் இருந்தது. காரணம், வெளிநாட்டு ப்ராஜெக்ட் அலவன்ஸ். "குழந்தை இருக்கே, அவங்க எங்கே போகப் போறாங்க"ன்னு அந்தப் பெண்ணிடம் கேட்காமலே மேனேஜர் முடிவு பண்ணியிருந்தார். ரேட் சமம்தான். அவங்களுக்கு மேட்ச்சே கொடுக்கலை.

ஒரே வேலைக்கு ஒரே ஊதியம்னு நம்ம நாட்டில் 1976-லேயே சட்டம் வந்தாச்சு. ஆனா வாய்ப்பு யாருக்குப் போகுதுன்னு பேஸ்லிப்பில் ஒரு வரியும் இருக்காது. அதனால அடுத்த அப்ரைசலுக்கு முன்னாடி, ஆணோ பெண்ணோ, மூணு விஷயத்தை எழுதி வெச்சுக்கோங்க: உங்க ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எதை வெச்சுக் கணக்கிடுறாங்க, கூடுதல் பணம் தரும் வேலைகள் இந்த வருஷம் யாருக்குப் போச்சு.

மூணாவது கேள்வியை மேனேஜர்கிட்ட மெயில்லயே கேளுங்க. பதில் எழுத்துல வரட்டும்.