வாகனத்துக்கு முன் வாங்க வேண்டியது

புதிய வாகனம் வாங்குவதென்று ஒரு குடும்பம் முடிவு செய்துவிட்டால், அதன்பின் நடைபெறும் ஆலோசனைகளுக்குக் குறைவே இராது. எந்த நிறுவனத்தின் வண்டி, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், முன்பணம் எவ்வளவு, கடனுக்கு வட்டி என்ன, மாதத் தவணையைச் சம்பளம் தாங்குமா என ஒவ்வொன்றையும் ஆராய்கிறோம். விரும்பிய நிறம் கிடைப்பதற்காகவே சில வாரங்கள் காத்திருப்போரும் உண்டு. ஆனால் அவ்வண்டியை ஓட்டப்போகிறவர் யாரிடம், எத்தனை நாள், என்னென்ன கற்றார் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலான வீடுகளில் எழுவதில்லை. வாகனத்துக்காகச் செலவிடும் பல இலட்சம் ரூபாயில் பயிற்சிக்கு ஒதுக்கப்படுவது மிகச் சிறிய தொகை. பல வேளைகளில் அதுவும் வீண்செலவாகவே கருதப்படுகிறது.

இந்த அலட்சியத்துக்கு நாடு கொடுக்கும் விலை பெரிது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். மணிக்குச் சராசரியாக 19 உயிர்கள். மாண்டவர்களில் நூற்றுக்கு 83 பேருக்கு மேல் 18 முதல் 60 வயது வரையிலான, உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் பருவத்தினர். ஆகவே ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் ஒரு வீட்டின் வருவாயும், பிள்ளைகளின் படிப்பும், அடைக்கப்படாத கடனும் நிற்கின்றன.

நிறுத்தத் தெரிவதே ஓட்டத் தெரிவது

கியர் மாற்றவும், எட்டு போடவும், பின்னோக்கிச் செலுத்தவும் தெரிந்துவிட்டால் வண்டி ஓட்டக் கற்றுவிட்டதாக நாம் எண்ணிவிடுகிறோம். இவை வண்டியை நகர்த்தும் திறன்கள் மட்டுமே. சாலையில் உயிர் காப்பது வேகத்தையும் தொலைவையும் கணிக்கும் அறிவு. அதை யாரேனும் கற்பித்தாலன்றி, ஆபத்து நேரும் நாளில்தான் பலர் முதன்முறையாக அறிகிறார்கள்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்குக் கவனமாக ஓட்டுகிறவருக்கும் ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அழுத்திய பின்னரும், சாலை உலர்ந்து டயர்களும் நன்றாக இருந்தால்கூட, வாகனம் நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 37 மீட்டர். அதே வாகனம் 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் சுமார் 20 மீட்டரில் நின்றுவிடும். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தொலைவு நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. மழை பெய்து சாலை நனைந்திருந்தால் அத்தொலைவு மேலும் நீளும்.

இப்போது 20 மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வருவதாகக் கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர் குழந்தைக்கு முன் நின்றுவிட இயலும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவரின் கால் பிரேக்கைத் தொடும்போதே 17 மீட்டர் கடந்திருக்கும். எஞ்சிய மூன்று மீட்டரில் வேகம் 55 கிலோமீட்டர் அளவுக்கே குறையும். அந்த வேகத்திலேயே வாகனம் மோதும். இவ்வளவு இடருக்கு ஈடாக நமக்குக் கிடைப்பது என்ன? பத்துக் கிலோமீட்டர்ப் பயணத்தில் ஐந்து நிமிடம். ஊருக்குள் என்றால் அடுத்த சிக்னலே அதையும் விழுங்கிவிடும். 2022ஆம் ஆண்டின் சாலை மரணங்களில் நூற்றுக்கு 71 மிகுவேகத்தோடு தொடர்புடையவை என்பதில் வியப்பில்லை.

கைப்பேசிக்கும் இதே கணக்குப் பொருந்தும். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் ஒரு குறுஞ்செய்தியை மூன்று நொடி பார்ப்பது, 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்கு ஒப்பாகும்.

பயிற்சி என்பது எது?

முறையான பயிற்சி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அரசே ஓர் அளவுகோல் வகுத்துள்ளது. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் இலகுரக வாகனத்துக்கான பயிற்சி 29 மணி நேரம் கொண்டது. இதில் 8 மணி நேரம் வகுப்பறைப் பாடம். 21 மணி நேரம் செய்முறை. இம்மையங்களில் தேர்ச்சி பெற்றவருக்கு உரிமம் வழங்கும் அலுவலகத்தின் ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கும் உண்டு. அத்தகைய மையம் அருகில் இல்லாதவர்கள் இந்த 29 மணி நேரத்தை அளவாகக் கொண்டு, தாம் சேரும் பயிற்சிப் பள்ளி எதையெல்லாம் கற்பிக்கிறது என்று கேட்டறியலாம். இரவிலும் மழையிலும் ஓட்டுவது, நெடுஞ்சாலையில் முந்துவது, மலைப்பாதையில் ஏறிவரும் வாகனத்துக்கு வழிவிடுவது, எதிரே வருபவரின் கண் கூசாதபடி முகப்பு விளக்கைத் தாழ்த்துவது ஆகியவை ஓரிரு நாள் மைதானப் பழக்கத்தில் வருபவை அல்ல.

கற்றது பழக்கமாக வேண்டும். முன்னால் செல்லும் வாகனம் ஒரு கம்பத்தைக் கடந்தபின், நாம் அதை அடையக் குறைந்தது இரண்டு நொடி ஆக வேண்டும். மழையில் நான்கு நொடி. தலைக்கவசம் அணிந்தால் போதாது. தாடைப் பட்டையையும் பூட்ட வேண்டும். பின்னிருக்கையில் அமர்பவருக்கும் சீட் பெல்ட் கட்டாயம். 2022இல் சீட் பெல்ட் அணியாமல் இறந்த 16,715 பேரில் 8,331 பேர், அதாவது ஏறத்தாழப் பாதிப்பேர், ஓட்டுநர் அல்லர், உடன் பயணித்தவர்கள்.

பிள்ளைகளின் கையில் சாவி தரும் பெற்றோரும் ஒன்றை அறிய வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அச்சிறாருக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது.

உரிமமும் காப்பீடும்

ஓட்டுநர் உரிமத்தை நாம் போக்குவரத்துக் காவலரிடம் காட்டுவதற்கான அட்டையாகவே கருதுகிறோம். உண்மையில் அது குடும்பத்தின் பொருளாதாரப் பாதுகாப்புக்குரிய ஆவணம். விபத்தின்போது ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லையெனில், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை வாகன உரிமையாளரிடமிருந்து வசூலிக்க நேரலாம். உரிமையாளரே ஓட்டி உயிரிழந்தால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய 15 இலட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கும் உரிமம் இன்றியமையாதது. உரிமம் காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் தேர்வு எழுத நேரும் என்பதால், அதன் கடைசி நாளைக் குறித்து வைப்பது நன்று.

புதிய காருக்கு மூன்று ஆண்டும், இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டும் மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே வழங்கப்படுகிறது. வாகனச் சேதத்துக்கும் தனிநபர் விபத்துக்குமான காப்பீடு ஓராண்டுக்கு மட்டும் எடுக்கப்பட்டிருக்கக்கூடும். எல்லாம் சேர்ந்தே உள்ளன என்று எண்ணி, முதல் ஆண்டு முடிவில் புதுப்பிக்கத் தவறுவோர் உண்டு. சேமிப்புக் கணக்கு வைத்துள்ள 18 முதல் 70 வயதினர் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்திலும் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு, விபத்து மரணத்துக்கு இரண்டு இலட்சம் ரூபாய்ப் பாதுகாப்பு கிடைக்கிறது. தவணை பிடிக்கப்படும் மே மாத இறுதியில் கணக்கில் இருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

காப்பீடு இழப்பின் சுமையைக் குறைக்கும். இழப்பைத் தடுப்பது பயிற்சிதான். எனவே அடுத்த முறை வாகனக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, முன்பணம், பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றுக்குக் கீழே பயிற்சிக் கட்டணத்தையும் ஒரு வரியாக எழுதிக்கொள்வோம். ஏற்கெனவே உரிமம் பெற்றவர்களும், பல ஆண்டுகளாக ஓட்டாதிருந்தால், சில நாள் மறுபயிற்சி பெறலாம். அந்தப் பட்டியலிலேயே மிகச் சிறிய தொகை அதுவாகத்தான் இருக்கும்.